உயிர்மருத்துவப் பாடம் எடுத்தால் மருத்துவராகிவிடலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்பை முடிக்கப்போகும் எங்கள் மகள், உயர்நிலைப் பள்ளியில் ‘பயோமெடிக்கல் சயின்ஸ்’ என்னும் நான்காண்டுப் பாடத்தொகுப்பை எடுக்கலாம் என்கிறார் பள்ளி ஆலோசகர். அது தொழிற்கல்விப் பிரிவில் வருவதால் என் கணவர் தயங்குகிறார். எடுக்கலாமா?
— ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: உங்கள் கணவரின் தயக்கம் புரிகிறது. தொழிற்கல்வி என்றதும், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் பிரிவு என்ற ஊர் நினைப்பு நமக்கெல்லாம் வந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் 1917-ஆம் ஆண்டின் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வேளாண்மைக்கும் கைத்தொழிலுக்கும் மனையியலுக்கும் நிதி வழங்கியதில்தான் இந்தப் பிரிவு வேரூன்றியது. இன்று அதே கூரையின்கீழ் பொறியியலும் கணினியும் மருத்துவமும் சேர்ந்திருப்பதால், பிரிவின் பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை.

பல பள்ளிகள் பின்பற்றுவது, 1997-இல் நியூயார்க் மாநிலத்தில் பொறியியல் பாடங்களுடன் தொடங்கிய ‘புராஜெக்ட் லீட் தி வே’ அமைப்பின் திட்டத்தை. உங்கள் பள்ளியும் அதைத்தான் நடத்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் உயிர்மருத்துவத் தொகுப்பின் முதலாண்டுப் பாடம், வீட்டில் இறந்துகிடக்கும் கற்பனைப் பெண் ஒருத்தியின் வழக்கிலிருந்து பல ஆண்டுகளாகத் தொடங்கிவந்தது. மாணவர்கள் முடியையும் கைரேகையையும் ரத்தக்கறையையும் ஆராய்ந்து, பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்து, அவளுக்கிருந்த சர்க்கரை நோயும் கதிர் அரிவாள் ரத்தசோகையும் அவள் உடலை என்ன செய்தன என்று படிப்படியாகக் கண்டறிவார்கள். சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலியில், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்ததால் சிவப்பணு பிறைபோல் வளைந்தது என்பதை, ஒரு நோயாளியின் கதையாகப் படித்த பிள்ளைக்கு அது லேசில் மறக்காது. அடுத்த பாடத்தில், சிறிய எலும்புக்கூட்டு மாதிரியின்மேல் களிமண்ணால் தசைகளை ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டுவார்கள். எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது என்பது அப்போது விரலுக்கே தெரிந்துவிடும். (நாங்கள் படித்த காலத்தில் தசை என்பது கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த படம், அவ்வளவே.)

ஆகவே தாராளமாக எடுக்கலாம். ஆனால் இந்தப் பாடங்களுக்கு இடம் தேடும்போது வேதியியலோ இயற்பியலோ கணிதமோ கால அட்டவணையிலிருந்து நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலோர் நான்காண்டுப் பட்டம் பெற்று, ‘எம்கேட்’ என்னும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வெழுதிய பிறகே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அந்தத் தேர்வு வேதியியலையும் இயற்பியலையும் விட்டுவைப்பதில்லை. பதினான்கு வயதில் எடுக்கும் பாடம் மருத்துவக் கல்லூரியில் இடம்பிடித்துத் தராது. ரத்தம், நோய், ஆய்வகம் என்பவற்றோடு மகளுக்கு ஒட்டுகிறதா என்பதைச் செலவில்லாமல் காட்டித் தரும். அதுவே பெரிய பயன். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ‘ஏபி’ உயிரியல் எடுக்க வாய்ப்பிருந்தால் அதையும் சேர்த்து எடுக்கட்டும். பல கல்லூரிகள் அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்குப் பாடமதிப்பு தருகின்றன.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியிலேயே செவிலிய உதவியாளர் சான்றிதழ் பெற முடியுமாம். மருத்துவராக விரும்பும் பிள்ளைக்கு அது எதற்கு?
— ஒரு வாசகர், நியூஜெர்சி

பதில்: அவருக்குத்தான் முதலில் தேவை என்பேன். கூட்டாட்சி விதிப்படி இந்தப் பயிற்சி குறைந்தது 75 மணி நேரம். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும். சில மாநிலங்கள் இன்னும் கூடுதலாகக் கேட்கின்றன. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைப் புரட்டிவிட்டு விரிப்பை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, நாடித்துடிப்பை எண்ணிக் குறிப்பது ஆகியவையே பாடம். பெரியவரின் உடம்பைத் துடைத்துவிட முகஞ்சுளிக்காத பிள்ளையா என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாது.

கேள்வி: அமெரிக்காவில் உயிர்மருத்துவப் பாடம் படித்த என் பேத்தி இங்கே மருத்துவப் படிப்பில் சேர முடியுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்தப் பாடத்தை மட்டும் காட்டிச் சேர முடியாது. நீட் தேர்வெழுதியே ஆக வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பில் ஆங்கிலத்தோடு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனிப் பாடங்களாக இருப்பது நல்லது. வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைத்தன்மைச் சான்றிதழும் வாங்க வேண்டியிருக்கும். பேத்தி இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருந்தால், அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே இதைப் பேத்தியின் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.