அஞ்சல் திணைக்களத்தின் நட்டம் யாருடைய கணக்கு? – கேள்வி பதில்

இலங்கை அஞ்சல் சேவையின் நிதி நெருக்கடி குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த நம் அமைப்பின் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அரச கணக்குகளோடு நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடி உறுப்பினர்: ஐயா, 2022 ஓகஸ்டில் சாதாரண கடிதத்தின் குறைந்தபட்சக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. அதன் பிறகும் திணைக்களம் நட்டத்தில் இயங்குவதாகச் சொல்கிறார்களே, ஏன்?

முதலில் 'நட்டம்' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அஞ்சல் சேவை ஒரு கம்பனியன்று, கூட்டுத்தாபனமும் அன்று. அது ஓர் அரச திணைக்களம். கந்தோரில் முத்திரை விற்ற பணமும் பதிவுத் தபாலுக்கு அறவிட்ட பணமும் அரசாங்கத்தின் பொதுக் கணக்கான திரட்டு நிதியத்துக்குச் சேர்கின்றன. செலவுக்கான பணமோ பாராளுமன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழியாக வேறாக வருகிறது. ஆகவே நன்றாக உழைத்த ஆண்டின் மிகுதியைச் சேமித்து, அடுத்த ஆண்டு வாகனம் வாங்கவோ கணினி வாங்கவோ திணைக்களத்தால் முடியாது. வருமானத்தையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையிலுள்ள துண்டுவிழும் தொகையையே நட்டம் என்கிறோம்.

அந்தச் செலவில் மிகப் பெரிய பங்கு சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் ஆகும். எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கலாம் என்பதைத் திறைசேரியும், என்ன சம்பளம் கொடுப்பது என்பதை அரச சேவைக்குரிய பொதுச் சுற்றறிக்கைகளும் தீர்மானிக்கின்றன. கட்டண உயர்வும் அமைச்சரவை மட்டத்தில் முடிவாகி வர்த்தமானியில் வெளியாவதே தவிர, திணைக்களத் தலைவரான அஞ்சல் மா அதிபர் தாமாகச் செய்யக்கூடியதன்று. தம் கையில் இல்லாத முடிவுகளின் விளைவுக்குத் திணைக்களத்தாரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து. கட்டணத்தை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தினாலும், கடிதம் எழுதுவோர் தொலைபேசிக்கு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் அந்த உயர்வு ஓரளவுக்கே பயன் தரும்.

சம்மாந்துறை உறுப்பினர்: முன்பு அஞ்சலும் தொலைபேசியும் ஒன்றாகத்தானே இருந்தன?

ஆம். 1980இல் அவை இரண்டு திணைக்களங்களாகப் பிரிக்கப்பட்டன. தொலைத்தொடர்பு 1991இல் கூட்டுத்தாபனமாகி, 1997இல் அதன் 35 சதவீதப் பங்கு ஜப்பானிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. வளரும் வருமானம் அந்தப் பக்கம் போயிற்று. ஊர் ஊராக ஆட்களும் கட்டடங்களும் தேவைப்படும் வேலை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. 1885இல் தொடங்கிய அஞ்சல் சேமிப்பு வங்கியும் 1970களின் தொடக்கத்தில் தேசிய சேமிப்பு வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இன்று அஞ்சலகங்கள் அந்த வங்கியின் முகவர்களாகவே சேமிப்புப் பணத்தைக் கையாளுகின்றன.

கொக்கட்டிச்சோலை உறுப்பினர்: வருமானம் குறைந்த உப அஞ்சலகங்களை மூடினால் செலவு குறையும் என்கிறார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அப்படி மூடினால் எங்கள் நிலை என்ன?

உங்கள் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. ஒரு உப அஞ்சலகத்தின் முத்திரை விற்பனையை மட்டும் பார்த்தால் அது வீண் செலவாகவே தெரியும். ஆனால் விவசாயி ஒருவர் தமக்குரிய விவசாய ஓய்வூதியத்தைப் பெறுவதும், தண்டப்பணம் கட்டுவதும், நீதிமன்றக் கடிதமும் வாக்காளர் அட்டையும் வந்து சேர்வதும் அந்தக் கந்தோரின் வழியாகத்தான். அதை மூடினால் செலவு மறைந்துவிடாது. வாவியின் மேற்குக் கரையிலுள்ள முதியவர் பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் கொடுக்கும் பணமாக அது மாறிவிடும். அந்தப் பணம் எந்த அரச கணக்கிலும் பதிவாகாது.

எனவே நான் வேண்டுவது இதுதான்: கட்டாயமாகச் செய்ய வேண்டிய பொதுச் சேவைக்கு ஆகும் செலவைத் தனியாகக் கணக்கிட்டு, அதனை அரசாங்கம் வெளிப்படையாக ஏற்க வேண்டும். பொதி விநியோகம் போன்ற, தனியார் கூரியர் நிறுவனங்களோடு போட்டியிடும் வேலைகளுக்கு வேறு கணக்கு இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேரேட்டில் கலந்து வைத்திருக்கும் வரை, எது தவிர்க்க முடியாத செலவு, எது நிருவாகச் சீர்கேடு என்று எவராலும் பிரித்தறிய முடியாது.

அக்கரைப்பற்று உறுப்பினர்: பாராளுமன்றத்தில் இதனைக் கண்காணிப்பது கோப் குழுவா, கோபா குழுவா?

கோபா, அதாவது அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. இது 1921 முதல் இருந்து வருவது. 1979இல் வந்த கோப் குழு கூட்டுத்தாபனங்களையும் அரச கம்பனிகளையும் பார்ப்பது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை வைத்துக்கொண்டு கோபா அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். ஆனால் குழு பரிந்துரைக்கலாமே தவிர, நிறைவேற்றும் பொறுப்பு அமைச்சிடம் இருக்கிறது. அந்த அமைச்சோ நிலையாக இருப்பதில்லை: 2010இல் அஞ்சலுக்கெனத் தனி அமைச்சு இருந்தது, 2015இல் முஸ்லிம் சமய விவகாரங்களோடு சேர்ந்தது, பின்னர் வெகுசன ஊடகத்தோடு இணைந்தது, இப்போது சுகாதாரமும் ஊடகமும் ஒரே அமைச்சரிடம் இருக்க, அஞ்சலும் அவர் பொறுப்பில் இருக்கிறது. ஒரு செயலாளர் தயாரித்த திட்டத்தை அடுத்தவர் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

கல்முனை உறுப்பினர்: 2025 ஓகஸ்டில் நடந்த வேலைநிறுத்தம் சரியா?

கைவிரல் அடையாளப் பதிவும் மேலதிக நேரக் கொடுப்பனவும் அதில் முக்கியப் பிரச்சினைகளாக இருந்தன. ஏறத்தாழ ஒரு வாரம் சேவை முடங்கியது. பொதுப் பணத்தில் சம்பளம் பெறுவோர் வரவைப் பதிவு செய்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அதே வேளை, குறைந்த அடிப்படைச் சம்பளத்தை மேலதிக நேரத்தால் நிரப்பிக்கொள்ளும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாக அனுமதித்தவர்கள் அரசாங்கத்தினரே. மேலதிக நேரக் கொடுப்பனவை மட்டும் ஒரே நாளில் அறுத்தால் ஊழியர் குடும்பங்கள் தாங்கமாட்டா.

ஏறாவூர் உறுப்பினர்: பழைய அஞ்சலகக் கட்டடங்களை விற்றால் நட்டம் தீருமா?

தீராது. நுவரெலியா அஞ்சலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் முயற்சிக்கு எதிராக 2023இல் ஊழியர்கள் போராடினார்கள். கட்டடம் ஒரு தடவைதான் விலை போகும். துண்டுவிழும் தொகை ஆண்டுதோறும் வரும்.

வாழைச்சேனை உறுப்பினர்: எங்களைப் போன்றோர் என்ன செய்ய முடியும்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் அஞ்சலகத்தின் கடந்த 3 ஆண்டு வருமானம், சம்பளச் செலவு, மேலதிக நேரச் செலவு, அங்கு வழங்கப்படும் ஓய்வூதியங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். பெற்ற விபரத்தை உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் அஞ்சல் திணைக்களத்தின் செலவுத் தலைப்பு வரும் நாளில் கேட்கச் சொல்லுங்கள்.