ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை, கால் மட்டும் ஏன் தளர்கிறது?

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், மூளை அழற்சியையும் நரம்புச் சேதத்தையும் தொட்டவை இந்த இதழில் இடம்பெறுகின்றன. மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்களைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

கேள்வி: எம்.எஸ். என்பது நரம்பின் உறை கரையும் நோய் என்று படித்தேன். நரம்பே அழிகிறது என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே நடக்கின்றன. நரம்பணுவிலிருந்து நீளும் மெல்லிய கம்பிக்கு ஆக்ஸான் என்று பெயர். மூளையிலும் தண்டுவடத்திலும் அதன்மேல் மையலின் என்ற கொழுப்புப் படலத்தைச் சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒரு செல்லே நாற்பது, ஐம்பது துண்டுகளுக்குக்கூட உறை சுற்றும். எனவே ஒரு செல் செத்தால் பல கம்பிகள் ஒரே நேரத்தில் வெறுமையாகின்றன.

1868இல் பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இந்த நோயை வரையறுத்தபோது, உறை கரைந்த தழும்புகள்தான் எடுப்பாகத் தெரிந்தன. பிறகு வெகுகாலம் 'உறை போகும், ஆக்ஸான் பெரும்பாலும் தப்பிக்கும்' என்றே மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1998இல் புரூஸ் டிராப் குழுவினர், இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவில் அறுந்துபோன ஆக்ஸான்களை எண்ணினார்கள். அழற்சி தீவிரமாக இருந்த தழும்புகளில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11,000க்கு மேல் இருந்தன. பழைய தழும்புகளிலும், அழற்சி அடங்காத விளிம்பில் 3,000க்கு மேல் இருந்தன. நோயில்லாத மூளையில் ஒன்றுகூடத் தேறவில்லை. நரம்பிழப்பு நோயின் கடைசிக் கட்டத்தில் வருவது என்ற எண்ணம் இதோடு ஆட்டம் கண்டது. அழற்சி எங்கே பற்றுகிறதோ, அங்கே முதல் நாளிலிருந்தே கம்பிகள் அறுகின்றன. சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: உறை போனால் செய்தி மெதுவாகத்தானே போக வேண்டும்? கம்பி ஏன் சாகிறது?

பதில்: ஆற்றல் பற்றாக்குறையால். உறையுள்ள கம்பியில் சோடியம் நுழையும் வாயில்கள், உறைத் துண்டுகளுக்கு இடையிலுள்ள ரன்வியர் கணுக்களில் மட்டுமே அடர்ந்திருக்கும். மின் துடிப்பு கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுவதால் வேகமும் அதிகம், செலவும் குறைவு. உறை கழன்றதும் முதலில் செய்தி நின்றுபோகிறது. பின்பு அந்த வாயில்கள் வெறும் கம்பி நெடுகப் பரவி, செய்தி மறுபடி ஓடத் தொடங்குகிறது. அட்டாக் (அறிகுறிகள் திடீரெனத் தலைதூக்கும் கட்டம்) வந்து சில வாரங்களில் பார்வையோ கால் பலமோ திரும்புவதில் இதற்கும் பங்குண்டு. வீக்கம் வடிவதும், ஓரளவு உறை மறுபடி வளர்வதும் கூடவே உதவுகின்றன.

அந்த மீட்சிக்கு விலை உண்டு. இப்போது ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னைவிட அதிக சோடியம் உள்ளே வருகிறது. அதை வெளியேற்றும் பம்புக்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். எரிபொருள் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையோ, பக்கத்திலிருக்கும் மைக்ரோக்ளியா என்ற மூளைக் காவல் செல்கள் கக்கும் நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜன் நச்சுகளும் முடக்குகின்றன. ஆக்ஸானுக்கு லாக்டேட் ஊட்டிவந்த ஒலிகோடென்ட்ரோசைட்டும் இல்லை. பம்பு தளர்கிறது, உள்ளே சோடியம் தேங்குகிறது. வழக்கமாகக் கால்சியத்தை வெளியே தள்ளும் பரிமாற்றி திசை மாறி, கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. கால்சியம் ஏறியதும் கால்பெய்ன் என்ற நொதி விழித்து, கம்பியின் உள் எலும்புக்கூடான நியூரோஃபிலமென்ட் புரதத்தை வெட்டுகிறது. அந்த இடம் முடிச்சாக வீங்கி, கடைசியில் அறுந்துவிடுகிறது. மைய நரம்பு மண்டலத்தில் அறுந்த ஆக்ஸான் மறுபடி வளர்ந்து இணைவதில்லை.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடலாம். வெறும் கம்பி வெப்பம் தாங்காது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே துடிப்பு தடைபடலாம். காய்ச்சலிலும் கடும் உடற்பயிற்சியிலும் பார்வை மங்கி, உடல் குளிர்ந்ததும் தெளிவதை உத்தாஃப் விளைவு என்பார்கள். அது புதிய சேதம் ஆகாது. அதற்குப் பயந்து உடற்பயிற்சியையே விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: இரண்டரை ஆண்டுகளாக அட்டாக் இல்லை. எம்.ஆர்.ஐ.யிலும் புதிய தழும்பு இல்லை. ஆனால் முன்பு நடந்த தூரத்தை இப்போது நடக்க முடியவில்லை. நோய் அடங்கியிருக்கிறது என்கிறார்கள். இது மனப்பிரமையா?

பதில்: இல்லை. நீங்கள் உணர்வதற்கு ஆய்வுலகில் பெயரே இருக்கிறது: பைரா. அட்டாக்கைச் சாராமல் ஊனம் கூடுதல் என்று பொருள். இன்றைய மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களிடம் கூடும் ஊனத்தில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகிறது.

எம்.எஸ்.ஸில் இரண்டு விதமான அழற்சி உண்டு. ஒன்று, ரத்தத்திலிருந்து டி, பி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் ரத்த-மூளைத் தடுப்பை உடைத்துக்கொண்டு அலையாக உள்ளே நுழைவது. அட்டாக்கும், காடோலினியம் ஊசி போட்டதும் பளிச்சிடும் தழும்பும் அதன் அடையாளங்கள். இப்போதுள்ள மருந்துகள் இதை நன்றாகவே அடக்குகின்றன. மற்றது, தடுப்புக்கு உள்ளேயே குடியேறிவிட்ட அழற்சி. தடுப்பு மூடியிருப்பதால் காடோலினியம் அங்கே கசியாது, ஸ்கேனில் பளிச்சிடாது. பழைய தழும்பின் விளிம்பில் இரும்பு சுமந்த மைக்ரோக்ளியாக்கள் வளையமாக நின்று, உமிக்குள் நெருப்புபோல வெளியே தெரியாமல் எரித்துக்கொண்டிருக்கும். மூளையைப் போர்த்திய சவ்வுகளிலும் பி செல்கள் கூட்டமாகத் தங்கி, கீழுள்ள புறணியில் (மூளையின் மேலடுக்கு) நரம்புறையைக் கரைக்கும். புறணித் தழும்புகள் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய மருந்துச் சோதனை ஒன்று உண்டு. டோலிபுரூடினிப் என்ற மாத்திரை மூளைக்குள் நுழையக்கூடிய சிறு மூலக்கூறு. பி செல்களிலும் மைக்ரோக்ளியாவிலும் உள்ள பி.டி.கே. நொதியைத் தடுக்கிறது. அட்டாக் வரும் வகை நோயாளிகளிடம் நடந்த இரு சோதனைகளில், அட்டாக்கைக் குறைப்பதில் பழைய மருந்தான டெரிஃப்ளூனமைடை அது மிஞ்சவில்லை. ஆனால் அட்டாக் நின்று மெல்ல மோசமாகிவந்த 1,100க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஹெர்குலிஸ் சோதனையில், ஊனம் கூடும் அபாயம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் 31 சதவீதம் குறைந்தது. 2024இல் இந்த முடிவு வெளியானது. அட்டாக்கை நிறுத்துவதும் ஊனத்தை நிறுத்துவதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை எங்களால் காட்ட முடியாது. சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதையும் சேர்த்துத்தான் இந்த மருந்தை எடைபோட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: தளர்ச்சியை எண்ணாக்குங்கள். 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர் தூரத்தைத் தரையில் குறித்துக்கொண்டு, பத்திரமாக, முடிந்த வேகத்தில் நடந்து நேரம் பாருங்கள். அதே செருப்பு, அதே வேளை, இரண்டு முறை நடந்து சராசரி. முதல் அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் நேரம் கூடி, மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் அது நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கம் இல்லை. குறிப்பை மருத்துவரிடம் கொடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசையும் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்; இரும்பை உணரும் அதுபோன்ற வரிசைகளில்தான் இரும்பு வளையம் தெரியும். நான்கு அல்லது அதற்கு மேல் வளையத் தழும்பு உள்ளவர்கள் இளம் வயதிலேயே நடையிலும் நினைவுத்திறனிலும் பாதிப்பை எட்டினார்கள் என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. கூடவே தைராய்டு, பி12, முதுகெலும்பில் வட்டு அழுத்தம், தூக்கக் குறைவு, மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். கால் தளர எம்.எஸ். மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கேள்வி: ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் பரிசோதனை செய்தால் நரம்பு அழிவு தெரிந்துவிடுமா?

பதில்: ஓரளவு தெரியும். அறும் ஆக்ஸானிலிருந்து வெளியேறும் அந்தப் புரதத்தின் மிகச் சிறிய அளவுகூட ரத்தத்தில் இப்போது அளக்கப்படுகிறது. அட்டாக் வந்தால் ஏறி, சில மாதங்களில் இறங்கும். வயது ஏற ஏற இயல்பாகவே கூடும். சிறுநீரகம் பழுதானாலும், தலையில் அடிபட்டாலும், உடல் மெலிந்திருந்தாலும் அதிகமாகக் காட்டும். ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில், சில மாத இடைவெளியில் எடுத்த அளவுகளின் போக்குதான் பயன்படும். உமிக்குள் எரியும் அந்த மெதுவான சேதத்தை இந்தப் பரிசோதனை தவறவிடவும் கூடும்.

கேள்வி: காய்ச்சல் வைரஸ் ஒன்றுதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணமாமே? எனக்கு எம்.எஸ். உள்ளது. என் குழந்தைக்கும் வருமா?

பதில்: எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சொல்கிறீர்கள். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளையும் சேமித்த ரத்த மாதிரிகளையும் வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. இந்த வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். அபாயம் 32 மடங்கு கூடியது. வேறு வைரஸ்களுக்கு அப்படி ஏதும் தெரியவில்லை. நியூரோஃபிலமென்ட் அளவும் தொற்றுக்குப் பிறகே ஏறியது. அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு, வைரஸின் ஈ.பி.என்.ஏ.-1 புரதமும் மூளையிலுள்ள க்ளியல்கேம் புரதமும் ஒருபகுதியில் ஒத்திருப்பதால், ஒன்றைத் தாக்கும் எதிர்ப்புரதம் மற்றதையும் தாக்குவதைக் காட்டியது. ஆனாலும் உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் உடலில் இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. வைரஸ் இல்லாமல் நோய் வருவது அரிது. வைரஸ் மட்டும் போதாது.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வர நூற்றில் இரண்டு, மூன்று வாய்ப்பு. புகைப்பதும், பதின்ம வயதில் உடல் பருமனும், வைட்டமின் டி குறைவும் அபாயத்தைக் கூட்டுகின்றன. வீட்டில் யாரும் புகைக்க வேண்டாம். நோய் உள்ளவர் புகைத்தால் ஊனமும் விரைவாகக் கூடும்.

கேள்வி: ஸ்டீராய்டு போட்டால் நரம்பு காப்பாற்றப்படுமா?

பதில்: அட்டாக்கின்போது மெதில்பிரெட்னிசலோன் நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். மீட்சி விரைவாகும். ஆனால் கடைசியில் எவ்வளவு மீள்கிறது என்பதில் பெரிய மாற்றம் இராது. போடுமுன் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொற்றுக் காய்ச்சலால் பழைய அறிகுறிகள் தலைதூக்குவது அட்டாக் போலவே இருக்கும்.

கேள்வி: எலிகளில் எம்.எஸ். குணமானதாக அடிக்கடி செய்தி வருகிறது. மனிதர்களுக்கு ஏன் வந்து சேரவில்லை?

பதில்: எலிக்கு எம்.எஸ். இயற்கையாக வருவதில்லை. மையலின் புரதத்தைச் செலுத்தி, ஈ.ஏ.ஈ. என்ற அழற்சியைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். அது அலையாக வரும் அழற்சியை ஒத்திருக்கும், பல்லாண்டுகள் மெல்லத் தேயும் மனித மூளையை ஒத்திராது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் எலி தேறியது. அதே வழியில் செயல்படும் லெனர்செப்ட் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அட்டாக்குகள் அதிகமாயின. மூட்டு வாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசி பரிந்துரைக்கப்பட்டால், உங்களுக்கு எம்.எஸ். இருப்பதை அந்த மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: உறையை மறுபடி வளர்க்கும் மாத்திரை கடையிலேயே கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். பழைய ஒவ்வாமை மருந்தான கிளெமாஸ்டின், பார்வை நரம்பில் செய்தி வந்துசேரும் தாமதத்தைச் சராசரியாக 1.7 மில்லிசெகண்ட் குறைத்ததாக 2017இல் ஒரு சிறு சோதனை காட்டியது. உறை வளர முடியும் என்பதற்கு அது நல்ல தடயம், ஆனால் அதனால் நோயாளிகளின் பார்வை திட்டவட்டமாகக் கூடவில்லை, களைப்புதான் கூடியது.

பி வகை வைட்டமினான பயோட்டினின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் கொடுத்து நடந்த சோதனை, 2020இல் பலனில்லை என்று முடிந்தது. இன்றும் முடி வளரவும் நரம்புக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் இருக்கிறது. அது ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும்: தைராய்டு அதிகமாக வேலை செய்வதுபோல் பொய்யாகக் காட்டும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். மாத்திரை அட்டையைப் படித்துப் பாருங்கள். பயோட்டின் இருந்தால், ரத்தம் கொடுக்கும்போது மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.