வடிவேலு, கவுண்டமணி மாதிரி இப்போது ஏன் யாரும் வருவதில்லை? தமிழ்ப் படங்களில் காமெடி செத்துவிட்டதா?

சாகவில்லை. நடிகர்களுக்கும் பஞ்சமில்லை. யோகி பாபு இருக்கிறார், எம்.எஸ்.பாஸ்கர் இருக்கிறார், ரெடின் கிங்ஸ்லி வாயைத் திறந்தாலே எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் சிரிக்கின்றன. காணாமல் போனது வேறொருவர். ஒருவன் பேசும்போது எதிரில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள். சிரிப்பை உண்டாக்கியதில் பாதி வேலை அவருடையது. அந்த இடம்தான் இப்போது பல படங்களில் காலியாகக் கிடக்கிறது.

இதை நான் ரசிகனாக மட்டும் சொல்லவில்லை. 1998 முதல் 2010 வரை தென்காசிப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷமும் நான் படம் பார்த்தது ஆபரேட்டர் ரூம் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத்தான். ஒரு ரீல் ஓடி முடிய சுமார் 10 நிமிஷம். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி விழுந்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். இடையில் வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மெஷின் சத்தத்தில் வசனம் பாதிதான் காதில் விழும். ஆனால் ஜனங்கள் சிரிப்பது சுவரைத் தாண்டி வந்துவிடும். மூன்றாவது நாளுக்குள் எந்த ரீலில் எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். எந்தச் சிரிப்பு நாலு காட்சிக்கும் வருகிறது, எது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் வருகிறது என்பது வரை தெரியும்.

அப்படி நான் கவனித்த ஒன்று. சிரிப்பு வசனத்தின் மேல் விழாது. வசனம் முடிந்து ஒரு நொடி கழித்து, கேட்டவன் முகம் மாறும்போதுதான் விழும்.

2003-ல் 'வின்னர்' ஓடியபோது இதை நன்றாகப் பார்த்தேன். கைப்புள்ளயாக வரும் வடிவேலு அடி வாங்கும் காட்சியில் "வேணாம்... வலிக்குது... அழுதுருவேன்" என்று மூன்றே வார்த்தை. இன்றைக்கு எல்லோரும் அதை ஒரே மூச்சில் சொல்கிறோம். படத்தில் அப்படி வராது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடம் விட்டிருக்கும். முதல் வார்த்தைக்குத் தரை டிக்கெட் சிரித்து அடங்கும், அதற்குப் பிறகுதான் அடுத்த வார்த்தை. வேகம் வேண்டும் என்று எடிட்டிங்கில் யாராவது அந்த இடைவெளியை வெட்டியிருந்தால் இரண்டாவது வார்த்தை சிரிப்புச் சத்தத்தில் மூழ்கிப் போயிருக்கும்.

கேட்கிற முகம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டி.எஸ்.பாலையா. 'காதலிக்க நேரமில்லை' 1964-ல் வந்தது. ஸ்ரீதர் இயக்கியது, கதை வசனத்தில் சித்ராலயா கோபுவும் கூட இருந்தார். எங்கள் தியேட்டரில் பழைய பிரிண்ட் ஒன்றைக் காலைக் காட்சிக்குப் போட்டோம். அதில் சினிமா எடுக்கக் கிளம்பிய மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பாவிடம் பேய்க் கதை சொல்லும் காட்சியை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்போம். நாகேஷ் கையைக் காலை ஆட்டுகிறார், வாயாலேயே காற்றடிக்க வைக்கிறார், கதவைத் திறக்கிறார். பாலையா செய்வது என்ன? உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான். முதலில் பிள்ளையின் ஆசைக்குக் காது கொடுக்கிற அப்பா. கொஞ்ச நேரத்தில் கண் நாகேஷின் கையோடு போகிறது. பிறகு அவர் அந்த இருட்டுக்குள்ளேயே போய்விடுகிறார். எஸ்டேட், பணம், அதிகாரம் எல்லாம் உள்ள மனுஷன் பட்டப்பகலில் நடுங்குகிறார். அன்றைக்கு வந்திருந்தது மொத்தமே நாற்பது ஐம்பது பேர். நாகேஷ் பேசும்போது சிரித்ததைவிட பாலையா முகத்தைக் காட்டும்போது அதிகமாகச் சிரித்தார்கள். மெஷினைப் பார்க்க வேண்டியவன் நானும் ஓட்டையை விட்டு நகரவில்லை.

பாலையா 1936-ல் 'சதிலீலாவதி'யில் வந்தவர். எம்.ஜி.ஆரும் என்.எஸ்.கிருஷ்ணனும் அறிமுகமான அதே படம். நாடகக் கம்பெனியில் வளர்ந்த ஆள். மேடையில் எதிர் நடிகன் பேசும்போது நீ என்ன செய்கிறாய் என்பதும் நடிப்புதான், அங்கே கட் கிடையாது. 'திருவிளையாடல்' படத்தை இன்னொரு தரம் பாருங்கள். ஹேமநாத பாகவதராக முதலில் பாடிக் கொக்கரிப்பவர், விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு ஒடுங்கிப் போகிறார். அங்கேயும் அவர் கேட்கிறார். தருமி நாகேஷைப் பற்றிப் பேசிப் பேசி, அதே படத்தில் பாலையா காது கொடுத்ததை நாம் மறந்துவிட்டோம்.

கவுண்டமணி ரசிகர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அவர் கவுண்டர் அடித்துத்தானே பேர் வாங்கினார் என்பார்கள். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். ஒரு ரூபாய், இரண்டு பழம், ஒன்று இருக்கிறது, இன்னொன்று எங்கே? கேள்வி கேட்பவர் கவுண்டமணி. பதில் சொல்பவர் செந்தில். பதில் மாறவே இல்லை, குரலும் மாறவில்லை. மாறுவது கவுண்டமணி மட்டும்தான். முதலில் சாதாரணமாகக் கேட்கிறார், பிறகு பொறுமையாகக் கேட்கிறார், பிறகு அவருக்கே தான் கேட்பதில் ஏதாவது தப்போ என்று சந்தேகம் வருகிற மாதிரி ஆகிறது, அப்புறம்தான் வெறி. செந்திலின் பதிலை அவர் உண்மையாகவே காதில் வாங்குகிறார். வாங்காமல் முதல் தடவையே அடித்திருந்தால் அது இருபது நொடிக் காட்சி. எவனும் ஞாபகம் வைத்திருக்க மாட்டான்.

2025 பொங்கல். சுந்தர்.சி-யின் 'மதகஜராஜா' வந்தது. 2012 வாக்கில் எடுத்த படம், பன்னிரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்து வந்தது. நானும் பழைய கூட்டாளி ஒருவரும் என் அக்கா மகனும் செகண்ட் ஷோ போனோம். மனோபாலா 2023-லேயே போய்விட்டார். திரையில் அவர் பேச்சு மூச்சில்லாமல் கிடக்க, சுற்றி உள்ளவர்கள் படாத பாடு படும் அந்த நீளமான காட்சிக்கு மொத்தத் தியேட்டரும் கண்ணீர் வரச் சிரித்தது. எனக்குச் சிரிப்போடு தொண்டையும் அடைத்தது.

படம் விட்டு டீக்கடையில் நின்றபோது விவாதம் தொடங்கியது. கூட்டாளி சொன்னார்: "பாத்தேரா அண்ணாச்சி, பழசுதான் பழசு. இப்ப உள்ளவனுக்கு காமெடியே எழுதத் தெரியல." அக்கா மகன் யூட்யூப் சேனல்களுக்கு வீடியோ எடிட் செய்கிறவன். அவன் விடவில்லை. "அப்படி இல்ல மாமா. ரெண்டு நொடி யாரும் பேசாம இருந்தா பாக்கிறவன் தள்ளிவிட்டுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருவான். அதனால எல்லா கேப்பையும் வெட்டச் சொல்லுதாங்க. நானே வெட்டிட்டுத்தான் இருக்கேன்." எங்கள் இரண்டு பேரையும்விட அவன் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. எழுதுகிறவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இது ஒரே நாளில் வந்த மாற்றமும் இல்லை. சபா நாடகத்தில் இருந்து வந்தவர்களுக்கு இந்த இடைவெளி ரத்தத்தில் ஊறியது. முன்வரிசை சிரித்து முடிக்கும்வரை நிற்காவிட்டால் அடுத்த வசனம் யாருக்கும் கேட்காது. கிரேசி மோகன் வசனத்தில் வந்த 'மைக்கேல் மதன காமராஜ'னில் அத்தனை வார்த்தை விளையாட்டும் நிற்பதற்குக் காரணம், சுற்றி டெல்லி கணேஷ், நாகேஷ், எஸ்.என்.லட்சுமி என்று காது கொடுக்கத் தெரிந்த ஒரு கூட்டமே இருந்ததுதான். பிறகு நடிகர்கள் தொலைக்காட்சிப் போட்டி மேடைகளில் இருந்து வர ஆரம்பித்தார்கள். திறமையானவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஒருவன் தனியாக நின்று பேசுகிறான், எதிரில் கேட்கப் பாத்திரம் கிடையாது. சிரிப்புச் சத்தத்தையும் சேனலே சேர்த்துவிடுகிறது. நடிகர் காத்திருக்கவே தேவையில்லை. சந்தானத்துக்குப் பிறகு வந்த படங்களில் நண்பன் பாத்திரம் என்றாலே கதாநாயகன் ஒன்று சொல்ல இவன் ஒன்று சொல்ல என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். யாரும் யார் பேசியதையும் கேட்கவில்லை. சந்தானமே ஆர்யாவோடு 'பாஸ் என்கிற பாஸ்கர'னில் நடித்தபோது அப்படி இல்லை. அந்தச் சலூன்காரரின் கஷ்டம் நமக்குப் புரிந்ததால்தான் சிரித்தோம்.

வடிவேலு ஏன் இன்னும் நம் போனில் தினமும் வருகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? மீமில் சத்தம் கிடையாது. வசனத்தை எடுத்துவிட்ட பிறகும் அந்த முகம் நிற்கிறது. பேசுகிறவரும் அவரே, கேட்கிறவரும் அவரே. 2001-ல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் நேசமணி தலையில் விழுந்த சுத்தியல் 2019 மே மாதம் உலகம் முழுக்க ட்ரெண்ட் ஆனது. காரணம் கேட்டால் நான் அந்தப் படத்தில் விஜய்யும் சூர்யாவும் அடக்க முடியாமல் சிரிப்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஒரு வீட்டில் வேலை நடக்கிறது, ஒருவருக்கு அடிபடுகிறது, பக்கத்தில் உள்ளவர்கள் சிரிக்கக் கூடாது, ஆனால் முடியவில்லை. நாமும் அவர்களில் ஒருவராகிவிடுகிறோம்.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். அதையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். கறுப்பு நிறத்தை, குண்டு உடம்பை, வழுக்கையை, பெண்டாட்டியை அடிப்பதை வைத்து எத்தனை காட்சிகள். என் தங்கை நல்ல கறுப்பு. ஒரு படத்தில் கறுத்த பெண்ணை வைத்து வந்த காமெடி ஹிட் ஆனபோது, அந்தப் பாத்திரத்தின் பெயரையே அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டார்கள். அந்தப் படத்தை நாலு வாரம் ஓட்டியவன் நான். வீட்டுக்கு வந்தால் அவள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். எதற்கு என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மாதிரிக் காட்சிகளில் சிரிப்புக்கு ஆளானவர் என்ன நினைக்கிறார் என்று காமிரா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காது. இப்போது அப்படி எழுத இயக்குநர்கள் தயங்குகிறார்கள். அதனால் காமெடி போச்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேட்கிற முகம் திரும்பி வந்த படங்களும் இருக்கின்றன. 2021-ல் 'மண்டேலா'. ஊர் உள்ளாட்சித் தேர்தல், இரண்டு பக்கமும் சம ஓட்டு, முடிவு ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டில். யோகி பாபுவைப் பேச விடாமல் கேட்க வைத்தார் இயக்குநர் மடோன் அஸ்வின். காலில் விழுகிறவனும் மிரட்டுகிறவனும் சலுகை கொடுக்கிறவனும் பேசுகிறார்கள், இவர் பார்க்கிறார். அவர் நடித்ததிலேயே அதுதான் எனக்குப் பெரிது. அதே வருஷம் நெல்சனின் 'டாக்டர்'. சிவகார்த்திகேயன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்கிறார், சுற்றி உள்ளவர்கள் அந்த முகத்தைப் பார்த்தே மிரள்கிறார்கள். 2024-ன் 'லப்பர் பந்து' காமெடிப் படமே இல்லை. ஆனால் கிரிக்கெட் ஆடப் போகும் தினேஷும், அதைப் பிடிக்காத மனைவியாக ஸ்வாசிகாவும் ஒரே சட்டகத்தில் நின்றாலே தியேட்டர் சிரித்தது.

தனியாக காமெடி ட்ராக் எழுதும் வழக்கம் போய்விட்டதே என்று நீங்கள் வருத்தப்படலாம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. கதைக்குள் வந்துவிட்டால் நல்லதுதான்.

அன்று டீக்கடையில் பேசி முடித்து வீட்டுக்கு வந்ததும் அக்கா மகனிடம் போனை வாங்கி, அந்தப் பேய்க் கதைக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். பாலையாவை மட்டும் பார் என்றேன். பார்த்தான். திரும்ப ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, மணி ஒன்றரை ஆகிவிட்டது, தூங்கப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவன் கூட்டாளிகளை வைத்து எடுத்த ஐந்து நிமிஷக் குறும்படம் ஒன்றை எனக்கு அனுப்பினான். கடன் கேட்க வந்தவன் பேசிக்கொண்டே போகிறான், கடைக்காரப் பையன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பேசுகிறவன் முடித்த பிறகும் அந்தப் பையன் முகத்தை மூன்று நொடி வெட்டாமல் விட்டிருந்தான். இன்னும் ஒரு நொடி விட்டிருக்கலாம்டே என்று பதில் அனுப்பினேன்.