வேலையிடத்தில் நல்ல தலைவராக, யாரும் சொல்லித்தராத பாடம் எது?

வழக்கமாகச் சொல்வதைத் தவிர்த்து ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: கெட்ட செய்தி உங்கள் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள்.

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். பொறுப்புக்கு வந்த புதிதில், ஒரு ராத்திரி பம்ப் சத்தம் சரியில்லை என்று ஆபரேட்டர் ஒருவர் தானாகவே நிறுத்திவிட்டார், பேட்ச் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது, மேலோட்டமாகப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அப்புறம் மூன்று மாதம் லாக் புக் முழுக்க 'நார்மல்'தான். நம் கண்டிப்பு பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது அதே பம்ப்புக்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா, பாதிக்கு மேல் சால்வென்ட். தீப்பிடிக்கிற சரக்கு. பம்ப்பில் திரவம் வெளியே கசியாமல் அடைக்கிற சீல் பல நாளாக ஒழுகியிருக்கிறது, நான் வருவதற்குள் யாரோ தினமும் கொட்டி மறைத்திருக்கிறார்கள். டேங்கில் மட்டம் இறங்கி பம்ப் காய்ந்து ஓடினால் சீல் சூடேறித் தேய்ந்துவிடும். அன்றைக்கு அந்த ஆபரேட்டர் காதில் விழுந்தது அந்தச் சத்தமாகத்தான் இருக்கும்.

கத்தியது எல்லார் முன்னாலும், அதனால் மன்னிப்பும் அங்கேயே கேட்டேன். "சரி சார், முதல்ல சீல மாத்திடுவோம்" என்றார், அவ்வளவுதான்.

"ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்றுதான் பதில் வரும். இப்போது "எது மேல சந்தேகமா இருக்கு?" என்று கேட்கிறேன். சந்தேகம் வந்தால் யாரும் நிறுத்தலாம், என்னைக் கேட்க வேண்டாம். பாதி நேரம் ஒன்றும் இருக்காது, அப்போதும் முகம் சுளிக்காமல் நன்றி சொல்ல வேண்டும். கஷ்டம் அங்கேதான், எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் தானே புயல், 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்க, ஒரு ஹெல்பர் நடந்தே டூட்டிக்கு வந்தார். அவர் வீட்டுக் கூரை பறந்துபோனதை ஒரு வாரம் கழித்து டீக்கடையில் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஷிப்ட் மாறும்போது முதலில் வீட்டைப் பற்றிக் கேட்பேன், பம்ப்பைப் பற்றி அப்புறம்.