லெனி ரீஃபென்ஸ்டால்: கேள்விகளும் பதில்களும்

ஹிட்லருக்குப் படம் எடுத்துக் கொடுத்த ஜெர்மன் இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டாலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பேரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சுருக்கமாக, யார் இவர்?

1902இல் பெர்லினில் பிறந்து 2003இல் 101 வயதில் இறந்தவர். முதலில் நடனம், முழங்காலில் அடிபட்டதும் அது போச்சு. அப்புறம் ஆர்னால்ட் ஃபாங்க் எடுத்த மலையேற்றப் படங்களில் நடிகை. 1932இல் 'தி புளூ லைட்' என்ற படத்தைத் தானே இயக்கி நடித்தார். அது ஹிட்லருக்குப் பிடித்துப்போனது, மற்றதெல்லாம் அதன் பிறகு வந்த வினை.

கேள்வி: அவர் நாஜி கட்சியில் உறுப்பினரே இல்லையாமே? அப்படியிருக்க ஏன் இந்த வசை?

உறுப்பினர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உறுப்பினர் அட்டையை மட்டும் வைத்து ஆளை எடை போட முடியாது. அதே 'தி புளூ லைட்' படத்துக்குத் திரைக்கதையில் பெரிய பங்கு பேலா பலாஷ் என்ற யூத எழுத்தாளருடையது. அவர் சம்பளப் பாக்கியைக் கேட்டபோது, 1933 டிசம்பரில், அந்த 'யூதரின்' கோரிக்கை விஷயத்தில் தன் சார்பில் செயல்பட யூலியஸ் ஸ்ட்ரைகருக்கு அதிகாரம் தருவதாக லெனி கைப்பட எழுதிக் கொடுத்தார். ஸ்ட்ரைகர் யாரென்றால், யூத வெறுப்பை மட்டுமே அச்சடித்து விற்ற பத்திரிகையின் முதலாளி. சம்பளப் பாக்கிக்குப் பயந்து அப்படிப்பட்ட ஆளிடம் போனவரை 'அரசியல் தெரியாத கலைஞர்' என்று சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். 1940 ஜூனில் பாரிஸ் விழுந்தபோது ஹிட்லருக்குப் பரவசமாக வாழ்த்துத் தந்தி அடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்' வெறும் ஆவணப்படம், நடந்ததை நடந்தபடி எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறாரே?

சொன்னார், சாகும் வரை சொன்னார். நாஜிக் கட்சியின் 1934 நியூரம்பெர்க் மாநாட்டைப் படமெடுக்க 170 பேர் கொண்ட குழு, 30 கேமரா. கொடிமரத்தில் லிஃப்ட் கட்டி அதில் கேமராக்காரரை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கினார்கள். இதற்கெல்லாம் முன்கூட்டியே இடம் விட்டுத்தானே மைதானத்தை அமைத்திருக்க முடியும்? ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியர் தன் நினைவுக் குறிப்பில் ஒரு காட்சியைச் சொல்கிறார். சில தலைவர்களின் பேச்சு சரியாகப் பதிவாகாததால் ஸ்டுடியோவில் மேடை போட்டு மறுபடி எடுத்தார்களாம். கட்சியில் ஹிட்லருக்கு அடுத்த இடத்திலிருந்த ருடால்ஃப் ஹெஸ் வந்து, ஹிட்லர் உட்கார்ந்திருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்துத் திரும்பி, அதே உணர்ச்சிப் பெருக்கோடு பேசிவிட்டுப் போனாராம். லெனி இதை மறுத்தார். ஸ்பியரும் அரிச்சந்திரன் இல்லை, அதனால் அந்த ஒரு காட்சியை ஒதுக்கிவிட்டே பாருங்கள்: மேகத்துக்குள்ளிருந்து ஹிட்லரின் விமானம் இறங்கிவரும் தொடக்கம் ஒன்று போதும். அவதாரம் இறங்குகிற மாதிரிதான் வெட்டியிருக்கிறார். பத்திரிகைச் செய்தியாளன் அப்படி வெட்டமாட்டான்.

கேள்வி: 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றிய 'ஒலிம்பியா' படத்தில் அமெரிக்க ஓட்ட வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸை அவ்வளவு அழகாகக் காட்டியிருக்கிறார். நாஜி ஆள் என்றால் கறுப்பின வீரரை வெட்டியெறிந்திருக்க மாட்டாரா?

நல்ல கேள்வி. ஓவன்ஸை மனசாரத்தான் காட்டியிருக்கிறார், அவருக்கு அழகான உடல் என்றால் பித்து. தொழில்நுட்பமாகவும் அது பெரிய படம்: ஓடுதளத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டித் தாழ்வான கோணம், தண்ணீருக்கடியில் கேமரா, வானத்தில் பறந்துகொண்டே இருப்பதுபோல் வெட்டிய டைவிங் காட்சி. கம்பு ஊன்றித் தாண்டும் இறுதிப்போட்டி இருட்டிய பிறகும் நீண்டதால், வீரர்களை மறுபடி வரவழைத்துத் தாண்டச் சொல்லி எடுத்தார். ஆனால் பணம் கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகத்திலிருந்து, இடையில் பெயருக்கு ஒரு கம்பெனி. 1938 ஏப்ரல் 20, ஹிட்லர் பிறந்தநாளில் முதல் காட்சி. எல்லாரையும் வரவேற்கும் கனிவான ஜெர்மனி என்று உலகுக்குக் காட்டுவதுதான் ஒலிம்பிக் நடந்த வருடத்துப் பிரச்சாரம், ஓவன்ஸ் அதற்கு இடைஞ்சல் இல்லை.

கேள்வி: அவர் செய்ததிலேயே மோசமானது எது?

எல்லாரும் 'ட்ரையம்ஃப்' பற்றியே சண்டை போடுகிறார்கள். நான் 'டீஃப்லாண்ட்' என்பேன். போர்க்காலத்தில் எடுக்கத் தொடங்கி 1954இல்தான் வெளியானது. கதை ஸ்பெயினில் நடக்கிறது, கறுத்த முகங்கள் வேண்டும். அதற்காக சால்ஸ்பர்க் பக்கம் மாக்ஸ்க்ளான், பெர்லினில் மார்ட்ஸான் என்ற இரண்டு முகாம்களில் அடைத்து வைத்திருந்த ரோமா, சின்ட்டி மக்கள் ('ஜிப்சிகள்' என்று அழைக்கப்பட்டவர்கள்) நூறு பேருக்கு மேல் கூட்டிவந்து துணை நடிகர்களாக நிறுத்தினார்கள், குழந்தைகளும் உண்டு. வேலை முடிந்ததும் திரும்ப முகாம். பலர் பிறகு ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள்.

1980களில் இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தபோது லெனி வழக்குப் போட்டார். முகாமிலிருந்து கொண்டுவந்ததையும் கூலி தராததையும் சொல்லலாம் என்றது நீதிமன்றம், ஆஷ்விட்ஸ் பற்றி அவருக்குத் தெரியும் என்ற பகுதியை மட்டும் ஏற்கவில்லை. அதோடு சும்மா இருந்திருக்கலாம். 2002இல் ஒரு பேட்டியில், அவர்கள் எல்லாரையும் போருக்குப் பின் பார்த்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். ரோமா அமைப்பு சட்ட நடவடிக்கைக்குப் போன பிறகுதான் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கினார். நூறு வயதில்! இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: பெண் என்பதால்தான் இவரை மட்டும் பிடித்துக்கொண்டார்களோ?

கொஞ்சம் உண்மை இருக்கிறது. 'யூட் சூஸ்' என்ற அப்பட்டமான யூத வெறுப்புப் படத்தை எடுத்த ஃபைட் ஹார்லன் மீது போருக்குப் பின் வழக்கு நடந்தது, விடுதலையாகி 1950களில் வரிசையாகப் படம் எடுத்தார். லெனியை, நாஜித் தொடர்பை ஆராய்ந்த விசாரணைக் குழு 'கூடப்போனவர்' என்று மட்டும் வகைப்படுத்தியது, ஆனால் அதற்குப்பின் புதிதாக ஒரு கதைப்படம்கூட எடுக்க முடியவில்லை. இதற்கு நியாயம் ஹார்லனையும் ஓரங்கட்டியிருப்பது, லெனியை மன்னிப்பது இல்லை.

கேள்வி: பிற்காலத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படங்கள் எடுத்தாரே, அதில் மாறிவிட்டாரா?

சூடானின் நூபா மக்களைப் படமெடுத்து 1970களில் புத்தகமாக்கினார். படங்கள் அபாரம். ஆனால் வலிமையான உடலைக் கும்பிடும் அதே கண்தான் இங்கும் என்று அமெரிக்க விமர்சகர் சூசன் சான்டாக் 1975இல் எழுதினார், எனக்கும் அதே கட்சிதான். பிறகு எழுபது தாண்டி, வயதைக் குறைத்துச் சொல்லி ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டார். அந்தப் பிடிவாதத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை, என்ன செய்ய.

கேள்வி: எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

லெனியைப் பற்றி ரே முல்லர் 1993இல் எடுத்த மூன்று மணி நேர ஆவணப்படம். தொண்ணூறு வயதில் லெனி எடிட்டிங் மேஜை முன் உட்கார்ந்து தன் பழைய காட்சிகளை விளக்கும்போது முகம் மலர்வதையும், அரசியல் கேள்வி வந்ததும் சீறுவதையும் கவனியுங்கள். மற்ற படங்களை அப்புறம் பார்க்கலாம்.