கிஃப்ட் நிஃப்டி 120 புள்ளி மேல நின்னா அது யாரோட காசு?

சிங்கப்பூர் ஈசூன்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "தினமும் காலையில எம்ஆர்டில போறப்ப கிஃப்ட் நிஃப்டி பாக்குறேன் அண்ணா. நேத்து நிஃப்டி 25,000ல முடிஞ்சுது, இன்னிக்கு காலையில கிஃப்ட் நிஃப்டி 25,120 காட்டுது. அப்படின்னா மார்க்கெட் ஏறப்போகுதுன்னுதானே அர்த்தம்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இந்த வித்தியாசத்த எடுத்தே மாசம் 4 பர்சன்ட் தர்றேன், ரிஸ்க்கே கிடையாதுங்கறார். 5,000 வெள்ளி கேக்குறார். 500 வெள்ளி பேநவ்ல அனுப்பிட்டேன். மிச்சத்த அனுப்பலாமா?"

அனுப்பாதீங்க தம்பி. முதல்ல அதச் சொல்லிடுறேன், காரணம் கீழ வருது, பொறுமையா படிங்க, ஏன்னா அந்த 120 புள்ளி என்னன்னு புரிஞ்சுட்டா அந்த ஆள் சொல்றது நடக்கவே முடியாத கணக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். நிஃப்டிங்கறது இந்தியாவுல 50 பெரிய கம்பெனி ஷேர்களோட இண்டெக்ஸ். கிஃப்ட் நிஃப்டிங்கறது அந்த நிஃப்டி மேல குஜராத் கிஃப்ட் சிட்டில ஓடுற ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னால வர்ற ஒரு தேதிக்கு இன்னிக்கே விலை பேசி வைக்கிற ஒப்பந்தம். அந்தத் தேதிதான் எக்ஸ்பைரி.

தேக்காவுல ஒரு நகைக்கடையில போய் "இந்தச் சங்கிலிய இன்னிக்கு விலைக்கே எனக்குன்னு எடுத்து வைங்க, காசு மாசக் கடைசியில தர்றேன்"னு கேட்டா கடைக்காரர் என்ன செய்வார்? தன் காசு ஒரு மாசம் அதுல முடங்குதே, அதுக்கு வட்டி சேத்துதான் விலை சொல்வார். தங்கம் ஏறும்னு ஜோசியம் பாத்து அவர் கூட்டல, வட்டிக்காக கூட்டினார். ஃபியூச்சர்ஸ் விலையும் அடிப்படையில அவ்வளவுதான். இன்னிக்கு விலை, அதோட எக்ஸ்பைரி வரைக்குமான வட்டி, அதுல இருந்து நடுவுல வரப்போற டிவிடெண்ட, அதாவது கம்பெனி ஷேர்காரங்களுக்கு குடுக்குற லாபப் பங்க, கழிக்கணும். டிவிடெண்ட ஏன் கழிக்கணும்னா, ஷேர கையில வச்சிருக்குறவனுக்கு அது கிடைக்கும், ஃபியூச்சர்ஸ் வச்சிருக்குறவனுக்கு கிடைக்காது.

உங்க கணக்கையே போட்டுப் பாப்போம். நிஃப்டி 25,000, எக்ஸ்பைரிக்கு இன்னும் 30 நாள் இருக்குன்னு வச்சுக்குவோம், ரூபாய் வட்டி வருஷத்துக்கு 6.5 பர்சன்ட், டிவிடெண்ட் 1.2 பர்சன்ட்னு வச்சுக்குவோம். மிச்சம் 5.3 பர்சன்ட். 25,000ல 5.3 பர்சன்ட் 1,325, அது ஒரு வருஷத்துக்கு, 30 நாளுக்கு 109 புள்ளி. நீங்க பாத்தது 120. அப்ப செய்தின்னு சொல்ல அதுல மிஞ்சுறது 11 புள்ளி, அவ்வளவுதான். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க இந்த 109 தேஞ்சுக்கிட்டே வந்து கடைசி நாள்ல பூஜ்யமாயிடும், ஏன்னா கடைசியில கணக்கு தீக்குறது நிஃப்டியோட விலையிலயேதான். நிஃப்டி ஒரு புள்ளி கூட நகராம 25,000லயே உக்காந்திருந்தாலும் 25,109க்கு ஃபியூச்சர்ஸ் வாங்கினவருக்கு அந்த 109 நஷ்டம். "மேல நிக்குது, அதனால வாங்கு"ன்னு சொல்றவங்க இத மட்டும் சொல்லவே மாட்டாங்க.

இன்னொரு குழப்பம் நேரத்துல. கிஃப்ட் நிஃப்டி நம்ம ஊர் நேரத்துக்கு காலையில 9 மணிக்கு ஆரம்பிச்சுடும், மும்பையில நிஃப்டி திறக்குறது நம்ம 11.45க்கு. காலையில நீங்க ஃபோன்ல பாக்குறது இப்பத்திய ஃபியூச்சர்ஸ் விலையையும் நேத்து சாயங்காலம் முடிஞ்ச நிஃப்டி விலையையும். நடுவுல ராத்திரி முழுக்க அமெரிக்க மார்க்கெட் ஓடி முடிஞ்சிருக்கும். ஒப்பிடணும்னா கிஃப்ட் நிஃப்டிய, நேத்து மும்பை மூடுறப்ப அதே மாச ஃபியூச்சர்ஸ் என்ன விலையில நின்னுச்சோ அதோட ஒப்பிடுங்க, அந்த வித்தியாசம்தான் செய்தி.

இங்க ஒரு விதிவிலக்கு இருக்கு, இத விட்டுட்டா நீங்க வேற பக்கம் போய் ஏமாறுவீங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். ஃபியூச்சர்ஸ் எப்பவும் மேலதான் நிக்கணும்னு இல்ல. நம்ம சிங்கப்பூர் இண்டெக்ஸையே எடுத்துக்குங்க. நம்ம பங்குச் சந்தை எஸ்ஜிஎக்ஸ்ல எம்எஸ்சிஐ சிங்கப்பூர் ஃபியூச்சர்ஸ்னு ஒண்ணு ஓடுது, அதுல டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூணுக்கும் பெரிய பங்கு. இந்த பேங்குகள் நல்லா டிவிடெண்ட் தர்றவங்க, அதுலயும் ஏப்ரல், மே மாசத்துல ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு இறுதி டிவிடெண்ட் சேந்து வரும். டிவிடெண்ட் போற நாள்ல ஷேர் விலை அந்த அளவுக்கு இறங்கும், இண்டெக்ஸும் கூடவே இறங்கும், இது எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்ச விஷயம். கணக்குக்கு இண்டெக்ஸ் 400னு வச்சுக்குவோம், அந்த ஒரு மாசத்துல வர்ற டிவிடெண்ட் 5 புள்ளி, ஒரு மாச வட்டி 1 புள்ளி, அப்ப ஃபியூச்சர்ஸோட நியாயமான விலை 396. நாலு புள்ளி கீழ. இத பாத்துட்டு "பெரிய ஆளுங்க எல்லாம் வித்துட்டு வெளிய போறாங்க, மார்க்கெட் விழப்போகுது"ன்னு டெலிகிராம் குரூப்ல கத்துவாங்க. யாரும் எங்கயும் போகல, டிவிடெண்ட் கணக்கு அது. அதே மாதிரி "சீப்பா கிடைக்குது, வாங்கிப் போடுங்க"ன்னு இன்னொரு கோஷ்டி வரும், அதுவும் தப்பு, 396க்கு வாங்கினா எக்ஸ்பைரி வர்றதுக்குள்ள இண்டெக்ஸே டிவிடெண்ட கழிச்சுக்கிட்டு கீழ வந்து நிக்கும், உங்களுக்கு சும்மா கிடைச்சது எதுவும் இருக்காது. ஆகஸ்ட்ல இடைக்கால டிவிடெண்ட் வர்றப்பவும் கொஞ்சம் இதே கதை நடக்கும். நிஃப்டில டிவிடெண்ட் குறைவு, ரூபாய் வட்டி அதிகம், அதனால அங்க மேல நிக்கும். நம்ம ஊர்ல டிவிடெண்ட் வர்ற மாசங்கள்ல கீழ நிக்கும். ரெண்டுமே ஆருடம் இல்ல.

இப்ப உங்க ஆள் சொல்ற "ரிஸ்க் இல்லாத காசு"க்கு வருவோம். ஃபியூச்சர்ஸ் ரொம்ப மேல போயிட்டா 50 கம்பெனி ஷேரையும் வாங்கிட்டு ஃபியூச்சர்ஸ வித்து, எக்ஸ்பைரி வரைக்கும் வச்சிருந்து வித்தியாசத்த எடுக்கலாம்ங்கறது உண்மைதான். பெரிய ஃபண்டுகள் கம்ப்யூட்டர வச்சு நாள் முழுக்க அதத்தான் பண்றாங்க, அதனாலதான் விலை அந்த வட்டிக் கணக்கவிட்டு ரொம்ப தூரம் விலகுறதில்ல. ஆனா அதுல எவ்வளவு கிடைக்கும்? 25,000க்கு 109, கையில இருக்குற ஷேருக்கு வர்ற டிவிடெண்டயும் சேத்தா மாசத்துக்கு அரை பர்சன்ட் பக்கம்தான். அதுலயும் கமிஷன், இந்தியாவுல ஷேர் வாங்க விக்க வரி, காசு மாத்துற செலவு எல்லாம் போகணும். 5,000 வெள்ளில 50 கம்பெனி ஷேர சரியான விகிதத்துல வாங்கவும் முடியாது. முழுசா கைக்கு வந்தாலே அரை பர்சன்ட் பக்கம்தான் தேறுற இடத்துல இருந்து ஒருத்தர் உங்களுக்கு 4 பர்சன்ட் தர்றார், போதாததுக்கு தனக்கும் எடுத்துக்குவார்னா, ஒண்ணு உங்க காச வச்சு கண்ண மூடிக்கிட்டு மார்க்கெட் ஏறும்னு பந்தயம் கட்டுறார், இல்லன்னா அடுத்த ஆள்கிட்ட வாங்கி உங்களுக்கு குடுக்குறார். மூணாவது வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பந்தயம் கட்டினா என்ன ஆகும்னும் பாத்துடுங்க. கிஃப்ட் நிஃப்டில ஒரு கான்ட்ராக்ட்னா ஒரு புள்ளிக்கு 2 அமெரிக்க டாலர். நிஃப்டி 25,000ல இருந்தா ஒரு கான்ட்ராக்டோட மதிப்பு 50,000 டாலர், ஆனா அத எடுக்க மார்ஜினா, அதாவது ஈட்டுப் பணமா, கட்டுறது சில ஆயிரம்தான். இங்கதான் மக்கள் மயங்குறாங்க. 2024 ஜூன் 3ஆம் தேதி எக்சிட் போல் பாத்துட்டு நிஃப்டி 733 புள்ளி ஏறுச்சு, எல்லாரும் வாங்கினாங்க. மறுநாள் தேர்தல் முடிவு, 1,379 புள்ளி விழுந்துச்சு. ஒரு கான்ட்ராக்டுக்கு 2,700 டாலருக்கு மேல, ஒரே நாள்ல. ஃபியூச்சர்ஸ்ல லாப நஷ்டம் தினமும் கணக்கு தீரும், நஷ்டம் அன்னிக்கே உங்க மார்ஜின்ல இருந்து கழியும், குறைஞ்சா புரோக்கர் மார்ஜின் கால் குடுப்பார், அதாவது இன்னும் காசு கட்டுங்கன்னு கேப்பார், நீங்க கட்டலன்னா அவரே உங்க கான்ட்ராக்ட மூடிடுவார், அதுக்கப்புறம் மார்க்கெட் திரும்பி ஏறினாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்ல, கட்டினத விட அதிகமா போயிருந்தா மிச்சத்தயும் நீங்கதான் கட்டணும். 1995ல இதே சிங்கப்பூர்ல, சைமெக்ஸ்ங்கற ஃபியூச்சர்ஸ் சந்தையில, பேரிங்ஸ் பேங்க்ல ட்ரேடரா இருந்த நிக் லீசன் ஜப்பான் நிக்கேய் ஃபியூச்சர்ஸ்ல மாட்டினப்ப லண்டன்ல இருந்து மார்ஜினுக்கு காசு வந்துக்கிட்டே இருந்துச்சு, கடைசியில 200 வருஷத்துக்கும் மேலான பேரிங்ஸ் பேங்கே முழுகிப்போச்சு. சம்பளக் காசுல ஒரு கான்ட்ராக்ட் எடுக்குறவரு எத்தன நாள் தாங்குவாரு?

இந்த இடைத்தரகர்கள பத்தி எனக்கு ரொம்ப நாளாவே ஆத்திரம் உண்டு, கொஞ்சம் சொல்லித்தான் ஆகணும். இவங்க குறி வைக்கிறது ஊருக்கு காசு அனுப்புற நம்ம ஆளுங்களத்தான், தமிழ்ல பேசி, கோயில்ல பாத்துப் பழகி, "நம்மாளு"ன்னு நம்பிக்கை வரவச்சு கேப்பாங்க. லைசென்ஸ் கேட்டா அக்ரா சான்றிதழ காட்டுவாங்க. அது கம்பெனி பதிவு மட்டும்தான், 315 வெள்ளி கட்டினா யாரும் பதிவு பண்ணலாம், அதுக்கும் மத்தவங்க காச வாங்கி ட்ரேட் பண்ற உரிமைக்கும் சம்பந்தமே இல்ல. அந்த உரிமைய குடுக்குறது எம்ஏஎஸ், நாணய ஆணையம். அவங்க வெப்சைட்ல நிதி நிறுவனங்களோட பட்டியல் இருக்கு, அதுல கம்பெனி பேர தேடுங்க, அப்புறம் பிரதிநிதிகள் பதிவேட்டுல அந்த ஆளோட பேரையும் தேடுங்க. பேர் இருந்தாலும் அங்க போட்டிருக்குற நம்பருக்கு நீங்களே ஃபோன் பண்ணி இவர் உங்க ஆள்தானான்னு கேளுங்க, ஏன்னா நல்ல கம்பெனி பேர திருடி வச்சுக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க. வெளிநாட்டுல எங்கயோ ஒரு தீவுல லைசென்ஸ் இருக்குன்னு சொன்னா அத்தோட பேச்ச முடிச்சுக்குங்க.

காசு எங்க போகுதுன்னும் பாருங்க. லைசென்ஸ் உள்ள புரோக்கர் வாடிக்கையாளர் காச தனி டிரஸ்ட் அக்கவுண்ட்ல வைக்கணும்னு சட்டமே இருக்கு, அவங்க யாரும் ஒரு தனி ஆளோட கைப்பேசி நம்பருக்கு பேநவ் பண்ணச் சொல்ல மாட்டாங்க. அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கணும், பாஸ்வேர்ட் உங்ககிட்ட மட்டும் இருக்கணும். "உங்க பேர்லதான் அக்கவுண்ட், நான் ட்ரேட் மட்டும் பண்ணிக் குடுக்குறேன்"னு சொல்றவங்கள நம்பாதீங்க, ஒவ்வொரு ட்ரேடுக்கும் அவங்களுக்கு கமிஷன் பங்கு வரும், உங்களுக்கு லாபமோ நஷ்டமோ, ஒரு நாளைக்கு பத்து தடவ வாங்கி வித்தா அவங்களுக்கு போதும். இன்னொரு அடையாளம்: அவங்க குடுக்குற நோட்டீஸ்ல "எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி"ன்னு இன்னும் போட்டிருந்தா உஷாரா இருங்க. பேச்சுவாக்குல நாம எல்லாரும் அப்படித்தான் சொல்றோம், ஆனா அந்த கான்ட்ராக்ட் 2023 ஜூலை 3லயே குஜராத்ல கிஃப்ட் சிட்டிக்கு போய் பேர் மாறிடுச்சு. காசு வாங்குறவனுக்கு இது கூட தெரியலன்னா அவன் எங்கயும் ட்ரேட் பண்ணல.

நம்ம அமைப்பு மேலயும் எனக்கு வருத்தம்தான். ஃபியூச்சர்ஸ் அக்கவுண்ட் திறக்க புரோக்கர் ஒரு கேள்வித்தாள் குடுப்பாரு, எப்பவோ பிசினஸ் டிப்ளமா முடிச்சிருந்தா போதும், தகுதி வந்துடும், வாழ்க்கையில ஒரு மார்ஜின் கால் கூட பாத்திருக்க வேண்டாம். பக்கம் பக்கமா ரிஸ்க் அறிக்கை, எல்லாம் ஆங்கிலத்துல, யாரும் படிக்கிறதில்ல, புரோக்கருக்கும் கையெழுத்து வந்தா சரி. எம்ஏஎஸ் எச்சரிக்கைப் பட்டியல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல இல்லாததால ஒருத்தர் நல்லவர்னு ஆயிடாது, பட்டியல் முழுசானது இல்லன்னு அவங்களே சொல்றாங்க. பட்டியல்ல பேர் வர்றதுக்குள்ள அந்த குரூப் கலைஞ்சு வேற பேர்ல வந்துடுது. பாதிக்கப்பட்டவங்க, நிதி நிறுவனங்களோட வர்ற தகராற தீத்து வைக்கிற ஃபிட்ரெக்குக்கு போகலாம்னா அதுவும் அதுல உறுப்பினரா இருக்குற நிறுவனத்து மேல மட்டும்தான் புகார் எடுக்கும், லைசென்ஸே இல்லாத ஆள் மேல அவங்க என்ன பண்ண முடியும்?

சரி, அனுப்பின 500 வெள்ளி. இன்னிக்கே உங்க பேங்க கூப்பிட்டு அந்தப் பரிமாற்றத்தச் சொல்லுங்க, சீக்கிரம் சொன்னா பணத்த நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். வாட்சாப் பேச்சு, பேநவ் ரசீது, அவர் அனுப்பின "லாப" ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. என்ன செய்யறதுன்னு சந்தேகமா இருந்தா மோசடி உதவி எண் ஸ்கேம்ஷீல்ட் 1799க்கு ஃபோன் பண்ணுங்க, போலீஸ்ல புகாரும் குடுங்க. அவர்கிட்ட போய் "காச திருப்பிக் குடு"ன்னு சண்ட போட்டுக்கிட்டு நாள கடத்தாதீங்க, அடுத்தது அவர் சொல்லப்போறது அனேகமா "இன்னும் 300 கட்டினாத்தான் பணத்த எடுக்க முடியும்"னுதான் இருக்கும், அதுக்கும் கட்டிடாதீங்க.