ஹெட்போனில் நன்றாக இருக்கும் சத்தம் டிவியில் குளறுகிறது, மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கியே ஆகவேண்டுமா?

கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா வீடியோக்களை வீட்டிலேயே எடிட் செய்கிறீர்கள். ஹெட்போனில் கேட்டு முடித்துக் கொடுத்தால், வாடிக்கையாளர் வீட்டு டிவியில் பேச்சு அமுங்கி மேளம் மட்டும் முட்டுகிறது. மானிட்டர், அதாவது ஒலியை அழகுபடுத்தாமல் உள்ளபடி காட்டும் ஸ்டுடியோ ஸ்பீக்கர், மாற்றினால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. பாளையங்கோட்டையில் நானும் இதே பிழைப்புதான். வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் வால்யூம் குமிழை ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள்.

சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு முதலில் காணாமல் போவது பேஸ் என்கிற கனத்த அடி ஒலிதான். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்களே என்று மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தால், தவிலில் கனம் போதவில்லை என்று தோன்றும், கை தானாக பேஸை ஏற்றும். மறுநாள் அதையே ஹாலில் முழுச் சத்தத்தில் போட்டால் முட்டாமல் என்ன செய்யும்? சினிமா மிக்ஸிங் கூடங்களில் ஒரு ஸ்பீக்கருக்கு 85 டெசிபல் என்று நிர்ணயித்துக்கொண்டு வேலை செய்வார்கள். பத்துக்குப் பத்து அறையில் அது மண்டையைப் பிளக்கும், 75 பக்கம் இருந்தால் தாராளம். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை, எடிட்டிங் மீட்டரில் மைனஸ் 20 டெசிபல் அளவில், இப்போது இருக்கிற ஸ்பீக்கர் ஒன்றில் மட்டும் ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப்பை வைத்துப் பாருங்கள். 75 வந்ததும் குமிழில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஆப் சில டெசிபல் முன்னே பின்னே காட்டினாலும் மோசமில்லை. தினமும் குமிழ் அந்தக் கோட்டில் நிற்கிறதா என்பதே விஷயம்.

அடுத்தது அறை. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பேஸ் தங்கி நின்று முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து அதே இடத்தில் முழங்கும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் அந்த பேஸ் பொங்கும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நாற்காலியை நடுவிலிருந்து கொஞ்சம் முன்னே தள்ளிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், தவிலின் தொப்பிப் பக்க அடி வேறு மாதிரி கேட்கும். அறையில் ஸ்டீல் பீரோ இருக்கிறதா? மேளம் ஏறும்போது அதன் கதவும் கூடவே அதிரும், அந்த அதிர்வு வீடியோவில் இருக்கிறதென்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பீரோவை வெளியேற்றுங்கள். வீட்டில் வரும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவது வீண் வேலை. பத்தமடைப் பாய் மாட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கும், பேஸுக்கு ஒன்றும் ஆகாது. நாலு அங்குல ராக்வூல் (கல் நார்) பலகையைத் துணி சுற்றி மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும் வையுங்கள். பக்கச் சுவரில் எந்த இடம் என்று தெரிய, ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கே.

ஃபேன் விஷயமும் உண்டு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டு வேலை பார் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் ஃபேன் ஓடும்போது மைக்கின் இரைச்சல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். முடிக்கும் முன் ஃபேனை நிறுத்தி, காதை மூடும் ஹெட்போனில், யாரும் பேசாத இடங்களை மட்டும் கேட்டுவிடுங்கள். சோனி எம்.டி.ஆர் 7506 மாதிரி வயர் வைத்தது போதும், 1991-லிருந்து வருகிறது, இரைச்சலை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். புளூடூத் வேண்டாம். சத்தம் தாமதமாக வரும், உதட்டசைவு சரியா என்று சொல்லவே முடியாது. 25 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்ட்தான்.

ஹெட்போன் மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தம்பி கொடை வீடியோ கொண்டுவந்தார். வில்லுப்பாட்டு. ரேடியோ செட்காரர் மிக்சரிலிருந்து நேராக கேமராவுக்கு வயர் கொடுத்திருக்கிறார். ஹெட்போனில் குரல் இரண்டு பக்கமும் விரிந்து அருமையாக இருந்தது. ஒற்றை ஸ்பீக்கர் ஃபோனில் போட்டால் பாடுகிறவர் மாயம், கேமரா மைக்கில் பதிந்த குடமும் கூட்டமும் மட்டும்தான் கேட்டது. மிக்சரின் பேலன்ஸ்டு அவுட்டில் ஒரே குரல் இரண்டு வயரில், ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் வரும். கேமரா அவற்றை இடது, வலது என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒன்றாகும் மோனோவில் இரண்டும் சேர்ந்ததும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மற்றதை இரண்டு பக்கமும் போட்டதும் குரல் வந்துவிட்டது. அதனால் எந்த வேலையானாலும் ஒரு தடவை மோனோ பட்டனை அமுக்கிக் கேளுங்கள்.

பேச்சு அமுங்குவதற்குக் காரணமும் ஹெட்போன்தான். காதோடு ஒட்டி ஒலிப்பதால் இசைக்குக் கீழே பேச்சு மெலிதாக இருந்தாலும் உங்களுக்குப் புரிந்துவிடும். டிவி ஸ்பீக்கரோ சின்னது, பின்பக்கமோ கீழேயோ பார்த்து இருக்கும், ஹாலில் மிக்ஸி வேறு ஓடும். பேச்சு வரும் இடங்களில் இசையைத் தயங்காமல் இறக்குங்கள், 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இசையில் கொஞ்சம் வெட்டுங்கள்.

மொத்தச் சத்தத்தைக் காதால் முடிவு செய்யாதீர்கள், மீட்டர் பாருங்கள். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலேயே லவுட்னெஸ் மீட்டர் இருக்கிறது. அது காதுக்குத் தெரியும் மொத்தச் சத்தத்தை எல்.யு.எஃப்.எஸ் என்ற அளவில் காட்டும். யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸுக்கு மேல் போனதைக் குறைத்துவிடும், குறைவானதை ஏற்றித் தராது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் கட்டுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஸ்பீக்கர் வாங்குங்கள். அந்த அறைக்கு ஐந்து அங்குல ஜோடி போதும். ட்வீட்டர், அதாவது கூர்மையான ஒலி வரும் சின்ன வட்டம், காது உயரத்தில் இருக்கட்டும், இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே தூரம் சமமாக இருக்கட்டும். கேட்க இனிமையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். யமஹா என்.எஸ்.10 என்று 1978-ல் வீட்டுக்காக வந்த ஸ்பீக்கர் வீடுகளில் எடுபடவில்லை, ஸ்டுடியோக்களில் குடியேறிவிட்டது. பேஸ் குறைவு, நடு ஒலி முகத்தில் அறையும், அதனாலேயே மிக்ஸின் குறை மறைய இடமில்லை.

வாடிக்கையாளர் ஹோம் தியேட்டரில் சப்வூஃபரை முழுக்கத் திருப்பி வைத்திருந்தால் அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. பென்டிரைவ் கொடுக்கும்போதே பேஸை நடுவில் வைத்துப் பாருங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிடுவேன்.